சண்டைக் காட்சிக்குப் பின்னால்

ஆனந்தராசாவுக்கும் ரதிதேவிக்கும் கலியாணமாகி வருகிற பெப்ரவரியோடு நாற்பது வருடம். அதைக் கொண்டாடியே தீருவதென்று மகள் சிவானி நவம்பரிலேயே முடிவுகட்டிவிட்டாள். சான்ட்ரிங்ஹாமில் மண்டபம் பிடித்தாயிற்று, சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நகரின் தெற்கே பாபடோயிட்டோயில் இருந்த தாய்தகப்பன் வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பை விரித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, வெடிங் ஃபோட்டோ எங்க? ஸ்கேன் பண்ணவேணும்."

ஆனந்தராசா மீன்குழம்பில் முள் எடுப்பதில் மும்முரமானார். ரதிதேவிதான் பதில் சொன்னாள்.

"இல்லை பிள்ளை."

"இல்லையெண்டா? எங்கயோ ஸ்டோரேஜ்லயா?"

"எங்கயும் இல்லை. ரஜிதன் எண்டு அப்பான்ர சிநேகிதன் ஒருத்தன் முப்பத்தாறு படம் எடுத்தான். கழுவக் குடுத்தால் ஒரு படமும் இல்லை. ஃபிலிம் உள்ளுக்குச் சுத்துப்படவே இல்லையாம். மடையன், நாள் முழுக்க வெறுங் கமராவைக் கிளிக் பண்ணிக்கொண்டு திரிஞ்சிருக்கிறான்."

சிவானிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் ஆனந்தராசா முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"படம் இல்லைத்தான். ஆனா நாங்கள் ஒரு படத்தில இருக்கிறம்."

கதை இதுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறில் இருவரும் சோவியத் நாட்டில், மின்ஸ்க் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டட எஞ்சினியரிங், அவள் இரசாயனம். கலியாணம் முடித்த மாணவர்களுக்கு விடுதியில் தனி அறை கொடுப்பார்கள். அந்த அறைக்காகத்தான் இவர் தன்னைக் கட்டினார் என்று ரதிதேவி இன்றைக்கும் சொல்வாள். கலியாணத்தைப் பதியப் பதிவுக் கந்தோருக்குப் போன அன்று அங்கே ஒரு சினிமாக் கூட்டம் விளக்குகளை நட்டு வைத்திருந்தது. இளம் புருஷன் பெண்சாதி பற்றிய படமாம். கலியாணத்துக்குக் காத்திருக்கும் சோடிகள் தேவைப்பட்டதால், இந்த இருவரையும் பிடித்து நீளமான மர வாங்கில் இருத்தி மூன்று மணி நேரம் படம் பிடித்தார்கள். டைரக்டர் நடுவில் இவரைப் பார்த்து ஏதோ கத்தினாராம்.

"ஏன் கத்தினவர்?" என்றாள் சிவானி.

"நான் கமராவைப் பார்த்திட்டனாம்."

"கமராவை இல்லை," என்றாள் ரதிதேவி. "கதாநாயகியைப் பார்த்தவர். வாயைத் திறந்துகொண்டு."

இது நாற்பது வருட வழக்கு. சிவானிக்கு அதில் அக்கறையில்லை.

"படத்துக்கு என்ன பேர்?"

இருவருக்கும் தெரியவில்லை. கறுப்பு வெள்ளையா கலரா என்பதும் தெரியவில்லை. படம் வெளிவந்த காலத்தில் பரீட்சை, பிறகு ஊரில் சண்டை, பிறகு நாடு மாறுகிற அலைச்சல். தேடவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

"ஓகே, யூடியூப்ல எல்லாம் கிடக்கும்," என்று சொல்லி டீவியைப் போட்டு, தேட வேண்டிய சொற்களை ரஷ்ய எழுத்தில் தாயைக் கொண்டே அடிக்க வைத்தாள் சிவானி. டீவித் திரை முழுக்கச் சோவியத் காலத்துக் குடும்பப் படங்கள் வந்து நின்றன. தலையில் வெள்ளை வலை போட்ட மணப்பெண்கள், பெட்டியோடு நிற்கும் மாப்பிள்ளைகள், அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் சோடிகள். அறுபது எழுபதாவது இருக்கும்.

"ஹாப்பி ஹண்டிங்," என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பதிவுக் கந்தோர்க் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தாவுவதென்பது ஆனந்தராசாவின் திட்டம். அவர் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பெரிய சாமான் கிடங்கில் அனுப்புகைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். எதையும் வரிசைப்படுத்தி வேகமாக முடிப்பதுதான் வேலை. ஆனால் இரண்டாவது படத்திலேயே ரதிதேவி ரிமோட்டைப் பறித்துவிட்டாள்.

அந்தப் படத்தில் ஒரு சோடிக்கு வீடில்லை. பெண்ணின் தாய்தகப்பனோடு ஒரே அறை. நடுவில் அலுமாரியை நிறுத்தி இந்தப் பக்கம் புதுச் சோடி, அந்தப் பக்கம் பழைய சோடி. இரவில் மாமனார் இருமினால் இந்தப் பக்கம் மருமகன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான்.

"கந்தோர் முடிஞ்சுது, மாத்தும்," என்றார் ஆனந்தராசா.

"விசரே உங்களுக்கு? அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு தெரியாமல் எப்பிடி விடுறது?"

முழுதும் பார்த்தார்கள். சோடிக்குக் கடைசியில் ஓர் அறை கிடைத்தது. கதவைச் சாத்திவிட்டு வெறும் நிலத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள். ரதிதேவி கண்ணைத் துடைத்தாள். ஆனந்தராசாவும் மூக்கை உறிஞ்சினார், ஆனால் அதற்குக் காரணம் முற்றத்துப் புல் வெட்டியதால் வந்த அலர்ஜி என்று சொன்னார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யார் கூப்பிட்டாலும் அவர்கள் போகவில்லை. கலியாணமான மூன்றாம் நாளே ரயில்பாதை போடச் சைபீரியாவுக்குப் போனவன் கதை பார்த்தார்கள். மனைவி மாலை வகுப்புக்குப் போக, வீட்டில் புருஷன் உருளைக்கிழங்கைக் கரியாக்குகிற கதை பார்த்தார்கள். விவாகரத்துக்கு வந்த சோடி, நீதிமன்றத்து வரிசையில் நின்று நின்று மறுபடி சிநேகமாகிவிட்ட கதைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார்க்கப் பார்க்க, நாக்கில் துருப்பிடித்துக் கிடந்த ரஷ்ய மொழி உரிபட்டு வந்தது. காலையில் தேத்தண்ணி கேட்பதே ரஷ்யனில்தான். சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் பாகற்காய் பிஞ்சா முற்றலா என்று ஒருநாள் ரஷ்ய மொழியில் சண்டை பிடித்தபோது, கல்லாவில் நின்ற ஸ்வர்ணா கையில் இருந்ததை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். அவள் கும்பகோணத்துப் பெண். இவர்களைப் பத்து வருடமாகத் தெரியும்.

"அங்கிள், நீங்க தமிழ்தானே பேசுவீங்க? இது என்ன பாஷை?"

"இது சண்டை பிடிக்கிற பாஷை அம்மா. தமிழில பிடிச்சால் எல்லாருக்கும் விளங்கிப் போகும்."

டிசம்பர் முடிந்து ஜனவரி பிறந்தது. இருபத்திரண்டு படங்கள் பார்த்தாகிவிட்டது. எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை. ஆனால் இருபத்துமூன்றாவது படத்தில் வேறொரு விஷயம் நடந்தது.

அந்தப் படத்துப் புருஷன் நல்லவன். குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான். ஆனால் வேலையால் வந்து ஜன்னலோரம் நிற்பான். மனைவி பின்னால் வந்து, என்ன யோசிக்கிறாய் என்று கேட்பாள். "நிச்சிவோ," என்பான். ஒன்றுமில்லை என்று அர்த்தம். மறுபடி கேட்பாள். மறுபடி நிச்சிவோ. நாலாவது நிச்சிவோவில் ரதிதேவி படத்தை நிப்பாட்டினாள்.

"உங்களைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாங்கள்."

"சும்மா இரும்."

"டிசம்பரில நத்தாருக்கு முன்னம் இருந்து நானும் பார்க்கிறன். முற்றத்தில போய் நிக்கிறீங்கள். கேட்டால் ஒண்டுமில்லை. என்ன யோசிக்கிறீங்கள்? சொல்லுங்கோ."

ஆனந்தராசா டீவியைப் பார்த்தார். அங்கேயும் அவன் ஜன்னலோரம் அசையாமல் நின்றான். உதவிக்கு யாரும் வரப்போவதில்லை.

"ரதி, எங்கட கிடங்கைத் தூரத்தில, ஹமில்டனுக்கு மாத்துறாங்கள். கூட வாறியா, நிக்கிறியா எண்டு கேட்டவங்கள். நான் இஞ்ச நிக்கிறன் எண்டு கையெழுத்து வைச்சிட்டன். மார்ச்சோட எனக்கு வேலை முடிஞ்சுது."

"எப்ப வைச்சனீங்கள்?"

"நவம்பரில."

நவம்பர். மண்டபம் பிடித்த மாதம். அவள் விரல் விட்டு எண்ணவில்லை, முகம் எண்ணியது.

"ஏன் சொல்லேல்லை?"

அதற்குப் பதில் அவரிடம் இருந்தது. முப்பது வருடம் விடியற்காலையில் எழும்பிப் போன மனுஷன், பகல் முழுக்க வீட்டில் இருந்து என்ன செய்வது? அவளுக்கு ஆய்வுகூடத்தில் வாரம் மூன்று நாள் வேலை இருக்கிறது, சிநேகிதிகள் இருக்கிறார்கள். இவருக்கு என்ன இருக்கிறது? ஆனால் வாய் திறந்தபோது வந்தது வேறு.

"கொண்டாட்டம் முடியட்டும் எண்டு பார்த்தனான்."

ரதிதேவி எழும்பி அடுப்படிக்குப் போனாள். கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கோப்பைதான் இருந்தது, அதுவும் தனக்கு.

அந்த வாரம் வீட்டில் தமிழும் இல்லை, ரஷ்யனும் இல்லை. வேலை போனதற்கு அவளுக்குக் கோபமில்லை என்பது ஆனந்தராசாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று விளங்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. கறியில் உப்பு சரியாக இருந்தது. இரவில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். இதற்கு அவள் நாலு வார்த்தை பேசியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிறு வந்தது. இன்றைக்குப் படம் இருக்காது என்று அவர் நினைத்தார். ஆனால் சாப்பாடு முடிந்ததும் அவள் டீவியைப் போட்டாள். சோபாவில் அவள் ஒரு கரை, அவர் மறுகரை. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம்.

படத்தின் பெயர் ஏழாம் மாடி. கலர்ப் படம். வீட்யா என்று ஒருவன், லேனா என்று ஒருத்தி. மூன்று வருடமாகப் புது வீட்டுக்கான பட்டியலில் பெயர் இருக்கிறது. முறை வரும்போது, கைக்குழந்தையோடு கஷ்டப்படும் சிநேகிதன் ஒருவனுக்கு வீட்யா தன் முறையை விட்டுக்கொடுத்துவிடுகிறான், மனைவியிடம் ஒரு சொல்லும் சொல்லாமல். பதிவுக் கந்தோர்க் காட்சி வந்தது. வாங்கு வந்தது. வாங்கில் வேறு யாரோ இருந்தார்கள்.

"இதுவும் இல்லை," என்றார் ஆனந்தராசா பொதுவாக.

கொஞ்ச நேரத்தில் உண்மை வெளிவந்துவிட்டது. வீட்யாவும் லேனாவும் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், வெளியே தெரு, பனி. லேனா கத்தவில்லை, மெல்லமாகத்தான் கேட்கிறாள்: நான் உனக்கு யார்? அவன் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனந்தராசாவுக்குச் சோபாவில் இருக்க முடியவில்லை. எழும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரதிதேவி படத்தை நிப்பாட்டினாள்.

எழும்பி டீவிக்குக் கிட்டப் போனாள். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, மறுபடி இறக்கி, லேனாவின் காதுக்குப் பக்கத்தில், ஜன்னலின் மூலையில் விரலை வைத்தாள்.

"இந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்கோ."

"ஊரில எத்தினை சிவப்புக் கோட்டு."

"கை கட்டை. என்ர அறையில இருந்த கியூபாக்காரியிட்ட இரவல் வாங்கினது. அவள் என்னைவிடக் கட்டை."

ஆனந்தராசா வந்து அவள் தோளுக்கு மேலால் பார்த்தார். தெருவின் அந்தப் பக்கம் பதிவுக் கந்தோரின் படிகள். படிக்குக் கீழே சிவப்புக் கோட்டில் ஒரு பெண். அவளுக்கு முன்னால் கறுப்புக் கோட்டில் ஒருவன்.

"பின்னேரம் எங்கட பதிவு முடியிறதுக்குள்ள விளக்கெல்லாம் கழட்டிக்கொண்டு போனவங்களே, ஞாபகமிருக்கே?" என்றாள் அவள். "றோட்டுக்கு எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடைக்குத்தான் போயிருக்கிறாங்கள்."

படத்தை ஓடவிட்டாள். கறுப்புக் கோட்டுக்காரன் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். பிடித்தான். பிறகு ஆடத் தொடங்கினான். ஒரு காலைத் தூக்கி, இரண்டு கையையும் விரித்து, பனியில் சறுக்கி விழப்பார்த்து, விழாமல் தப்பி, மறுபடி ஆடினான். சிவப்புக் கோட்டு கைதட்டியது. முன்னால் லேனாவின் கண்ணில் நீர் திரண்டுகொண்டிருக்க, பின்னால் அவன் தன்னைத்தானே சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தான்.

"அது நான் இல்லை," என்றார் ஆனந்தராசா. "நான் ஆடமாட்டன்."

"அப்ப பக்கத்தில கமராவோட குனிஞ்சு நிக்கிறது ஆர்?"

ஒல்லியாக ஒருவன், பனியில் ஒரு முழங்காலை ஊன்றி, வெகு கவனமாகக் கமராவைத் திருப்பித் திருப்பிக் கிளிக் செய்துகொண்டிருந்தான். ரஜிதன். வேறு யாராக இருக்க முடியும்?

ரதிதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக அடக்கி வைத்த முகம் உடைந்து, நிலத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனந்தராசா நின்றபடியே இருந்தார். பதினோரு விநாடி. அவர் ஆறு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அந்த ஆட்டம் அவருக்கு ஞாபகமே இல்லை. வாங்கு ஞாபகமிருந்தது, கத்தின டைரக்டர், குளிரில் விறைத்த கால்விரல் எல்லாம் ஞாபகமிருந்தது. இது மட்டும் இல்லை. தெருவில், ஊர் பார்க்க ஆடுகிற ஆள் என்று தன்னை அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"ஏன் ஆடினனான்?" என்று அவளிடமே கேட்டார்.

"எனக்கு ஞாபகமிருக்கு. இனி எங்களுக்கு ஒரு அறை இருக்கு எண்டு நான் சொன்னனான். சொல்லி முடியேல்லை, தொப்பி மேல போயிட்டுது."

"அப்ப அந்த வாங்குக் காட்சி?"

"எங்களை வெட்டிப்போட்டு வேற ஆக்களை இருத்தியிருக்கிறாங்கள். நீங்கள் கதாநாயகியைப் பார்த்தது இனி ஒருநாளும் வெளிய வராது. தப்பீட்டீங்கள்."

அன்றைக்கு இரண்டு கோப்பைத் தேத்தண்ணி வந்தது.

பெப்ரவரிச் சனிக்கிழமை நல்ல வெயில். மண்டபத்தில் எண்பது பேர். சிவானி ஸ்லைட்ஷோவின் கடைசியில் அந்தப் பதினோரு விநாடியைப் போட்டு, ஜன்னல் மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள். மண்டபம் கூரை பறக்கக் கத்தியது. இன்னொருக்கா, இன்னொருக்கா என்றார்கள். ஆய்வுகூடத்தில் ரதிதேவியோடு வேலை செய்யும் மரகதம், கோலாலம்பூர்க்காரி, முன்வரிசையில் இருந்து கை தூக்கினாள்.

"அது சரி லா, முன்னுக்கு அழுறாளே அந்தப் பொண்ணு, அவ ஏன் அழுறா?"

ரதிதேவி சொன்னாள். வீட்டை விட்டுக்கொடுத்த கதையைக் கேட்டதும் மண்டபம் இரண்டாகப் பிரிந்தது.

"பொண்டாட்டிகிட்ட கேக்காம எப்படிங்க குடுக்கலாம்?" என்று பின்னாலிருந்து ஸ்வர்ணாவின் குரல் வந்தது. "அவ விட்டுட்டுப் போயிட்டாளா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"போட்டுக் காட்டுங்கோவன்!" என்றது வேறொரு குரல்.

சிவானி தாயைப் பார்த்தாள். சாப்பாடு ஆறிப்போகும் என்று யாரோ சொன்னார்கள். ஆறட்டும் என்று பல பேர் சொன்னார்கள். விளக்குகளை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். கீழே எழுத்து ஓடாத ரஷ்யப் படம். ரதிதேவி மைக்கைப் பிடித்து லேனா பேசுவதையும், லேனாவின் தாய் பேசுவதையும் தமிழில் சொல்லத் தொடங்கினாள். ஐந்து நிமிஷத்தில் ஆண் குரல்கள் சேர்ந்து வந்து அவள் தடுமாறியதும், இரண்டாவது மைக் ஆனந்தராசாவின் கைக்கு வந்தது.

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு வீட்யாவின் மேலதிகாரிக்கு அவர் தன்னுடைய கிடங்கு மனேஜரின் குரலைக் கொடுத்தார். ஈஸ்ட் டாமாக்கியில் வேலை செய்யும் நாலைந்து பேர் அதை அடையாளம் கண்டு மேசையைத் தட்டினார்கள். அதோடு கூச்சம் போய்விட்டது. சிறுபிள்ளைகள் நிலத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தேநீர்க்கடைக் காட்சி வந்தபோது மட்டும் எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக் கைதட்ட, லேனாவின் வசனம் ஒருவருக்கும் கேட்கவில்லை.

கடைசிக் காட்சி. லேனா தாய் வீட்டில், சின்ன ஊரொன்றில். வீட்யா ரயிலால் இறங்கி, நடந்து வந்து, அடுப்படி வாசலில் நிற்கிறான். அவள் கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். நிமிரவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கிறாள். ரதிதேவி அதை மைக்கில் கேட்டாள்.

திரையில் வீட்யா வாயைத் திறந்தான். இரண்டு சொல் சொல்லிவிட்டு மூடினான்.

ஆனந்தராசா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"எனக்குப் பயமா இருந்தது," என்றார். அது வீட்யா சொன்னது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "நீர் கோவிப்பீர் எண்டு பயமில்லை. நாளைக்கு நான் ஒண்டுக்கும் உதவாமல் வீட்டில குந்திக்கொண்டு இருக்க, நீர் என்னைப் பார்த்து என்ன நினைப்பீரோ எண்டு பயம். அதை உம்மட்ட சொன்னால் உண்மையாப் போயிடும் எண்டு நினைச்சன். சொல்லாமல் விட்டது பிழை. உம்மட்டத்தான் முதல் சொல்லியிருக்கவேணும்."

திரையில் வீட்யா எப்போதோ பேசி முடித்துவிட்டுக் கதவுநிலையில் சாய்ந்து நின்றான்.

ரதிதேவி மைக்கைத் தூக்கினாள்.

"அவன் அவ்வளவு கதைக்கேல்லை," என்றாள்.

எண்பது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மிச்சப் படத்துக்கு மொழிபெயர்ப்பு ஒரே மைக்கில் நடந்தது. லேனா ஒரு கிழங்கையும் கத்தியையும் வீட்யாவிடம் நீட்டினாள். அவன் உட்கார்ந்து சீவினான். படம் முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் ஸ்வர்ணா. "மன்னிச்சாளா இல்லையா?"

"கத்தியைக் குடுத்தாளே, பிறகென்ன?" என்றார் ஆனந்தராசா.

இடியப்பமும் சொதியும் நன்றாக ஆறிவிட்டிருந்தன. யாரும் குறை சொல்லவில்லை. சாப்பிட்டு முடியும்வரை வீட்யா செய்தது சரியா பிழையா என்றே பேச்சு. தட்டோடு வந்த ஒருவர், மாதத்துக்கு ஒரு ஞாயிறு இப்படிப் படம் போட முடியுமா என்று கேட்டார். மார்ச்சுக்குப் பிறகு எந்த ஞாயிறும் முடியும் என்று ஆனந்தராசா சொன்னதை ரதிதேவி கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபமில்லை. எந்தப் படம் என்பதைத் தான்தான் முடிவு செய்வேன் என்று மட்டும் சொன்னாள்.

மரகதம் கைகழுவிவிட்டு வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுங்க. அவங்களுக்கு வீடு கெடைச்சதும் அந்தப் பொண்ணோட அம்மா, அவங்களும் கூட வந்து இருந்தாங்களா?"

"படத்தில அது வரேல்லை."

"வராட்டி என்ன? நீங்க சொல்லுங்க. நீங்கதானே பேசினீங்க."

ஆனந்தராசா கொஞ்சம் யோசித்தார்.

"ஓம், வந்தவ," என்றார். "வெயில் விழுற அறையை அவவுக்குத்தான் குடுத்தவை."

மரகதம் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, அதைச் சொல்ல ஸ்வர்ணாவைத் தேடிப் போனாள்.